குளிரறையில் ஓர் ஆள்

“உள்ளே யாரும் இல்லைன்னு நான் சொல்றேன். இருக்காங்கன்னு அந்தப் பெட்டி சொல்லுது. பதினோரு வருஷம் நீங்க குடும்பம் நடத்தினது என்கூடவா, அதுகூடவா?”

ஐசிங் அக்காவின் குரல் கேக் கடையைத் தாண்டி, எதிர் சலூனில் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தவர் காது வரைக்கும் போனது. அக்காவின் கணவரைத் தெரு முழுக்க ‘ரிமோட்’ என்றுதான் சொல்லும். விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என்று எதையாவது அமுக்கிக்கொண்டே இருக்கும் மனிதர். கம்பெனிக்காரன் என்ன முட்டாளா என்று அவர் பதிலுக்குக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இருந்தது. சலூன் வாசலில் ஆள் சேர்வதைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

பழைய குளிரறைக்கு ஒரு கைப்பிடியும் ஒரு வெப்பமானியும் இருந்தன. இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டு, போன மாதம்தான் ரிமோட் ஆள் வைத்து இந்தப் பெட்டியை அதன் வாசலில் மாட்டினார். உள்ளே போகிற வருகிற ஆட்களை அது எண்ணும். பதிவு செய்த ஊழியர் உள்ளே இருந்தால் பேசாமல் இருக்கும். வேற்றாள் இருந்தால் குளிர் ஊதுவதை நிறுத்திவிடும். யாரும் விறைத்துப் போய்விடக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் காலையிலிருந்து ‘உள்ளே: 1’ என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டு ஒரே பிடிவாதம். உள்ளே இருந்ததோ மூன்றடுக்குக் கல்யாணக் கேக் மட்டும். மறுநாள் காலை அது மண்டபத்தில் இருக்க வேண்டும். பெட்டி வந்த முதல் வாரமே ஒரு கேக் சாய்ந்திருந்தது. இன்னொன்று சாய்ந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்று மண்டபத்து மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த மண்டபம் போனால் கடைக்கு வேறு நாதியில்லை.

அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, நாற்பது நிமிடம் பாட்டு. கடைசியில் ஒரு பெண் தூக்கம் கலையாத குரலில் சொன்னாள்: “பெட்டி தப்பா எண்ணாது மேடம். உள்ளே இருக்கறவங்கள வெளிய வரச் சொல்லுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா குளிரறைக் கதவைத் திறந்து, இரும்புத் தட்டுகளையும் வியர்க்கத் தொடங்கியிருந்த கேக்கையும் பார்த்து, “வெளிய வாங்க” என்றாள். பின்னால் நாத்தனார், ரிமோட்டின் தங்கை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரும் வரவில்லை. ஆனால் வெனிலா வாசனைக்கு அடியில் ஈர இரும்பின் வாடை ஒன்று எழுந்து வந்தது. ஊதல் நின்று நாலு மணி நேரமாகியும், அவள் முகத்தில் சில்லென்ற காற்று பட்டது. பட்டது, நின்றது, மறுபடியும் பட்டது. மூச்சு மாதிரி.

பெட்டியை மாட்டிய ஒயர்காரர் நம்பர் நாத்தனாரிடம் தயாராக இருந்தது. (எப்படி என்று அக்கா பிறகுதான் யோசித்தாள்.) அவர் ஒரு வழி சொன்னார்: “அதையே புது ஊழியர்னு சேத்துடுங்கக்கா. அப்புறம் சிவப்பு வராது.”

ரிமோட் குஷியாகி விட்டார். போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்தார். அது பெயர் கேட்டது, ‘வேலையாள்’ என்று போட்டார். முகம் கேட்டது, குளிரறையின் காலி மூலைக்கு நேராகப் போனைப் பிடித்தார். உடனே ‘முகம் பதிவாகிவிட்டது’ என்றது.

“எந்த முகம்ங்க?” என்றாள் அக்கா.

“எதையோ எடுத்துக்கிச்சு, விடு.”

எந்தெந்தக் கதவு என்று அடுத்த கேள்வி. கடைப் பூட்டு, மாடிப்படிப் பூட்டு, மேலே குடியிருக்கும் வீட்டுப் பூட்டு எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே அதே போனில் இணைத்து வைத்திருந்தார். குளிரறையை மட்டும் தொட்டால் பாதியில் உறைந்து நின்றது. மூன்று முறை முயன்று, கடுப்பாகி, கடைசி வரியை அமுக்கினார்: எல்லாக் கதவுகளும்.

குளிர் சீறிக்கொண்டு ஊதியது. ‘உள்ளே: 1’ பச்சையாகியது. க்ரீம் இறுகியது. போனை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு, தன்னால்தான் எல்லாம் என்ற நடையோடு ரிமோட் அட்டைப்பெட்டி வாங்கக் கிளம்பினார். நாத்தனார் மேலே தூங்கப் போனாள்.

மாலை ஐந்து மணி. கண்ணாடிக் கதவில் வெயில் இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. சலூனில் கத்தரிக்கோல் சத்தம், அடுப்பு ஆறும்போது தகரம் சொடுக்கும் சத்தம், கூம்பிலிருந்து க்ரீம் பிதுங்கும் மெல்லிய சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து அவளைத் தாலாட்ட, அக்கா ரோஜா ரோஜாவாகப் பிழிந்துகொண்டிருந்தாள். பெட்டி ஒரு முறை கீச்சிட்டது.

உள்ளே: 0.

அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தாள்.

போன் அதிர்ந்தது. ‘பின்கதவு: வேலையாள்.’

பின்கதவு அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. மூடிக்கொண்டது. மணிக்கட்டில் குளிர் உரசிப் போனது. பாதி ரோஜா கல்லாகியது.

‘மாடிப்படி: வேலையாள்.’

‘வீடு: வேலையாள்.’

நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

“அண்ணி, நீங்கதானே இப்ப உள்ள வந்தீங்க? கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?”

அக்கா ஓடினாள். படி. படி. செருப்பு கழன்றது. கதவு. அறை. நாத்தனார் கண் மூடிப் படுத்திருந்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கை கட்டிலின் மறுபக்கம் நீண்டு, விரல்கள் எதையோ பற்றியிருந்தன. அங்கே யாரும் இல்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

அக்கா அவளை இழுத்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள்.

திரும்பி வந்த ரிமோட் நம்பவில்லை. மேலே போய், தன் மூச்சு புகையாக வெளிவருவதைப் பார்த்ததும் வேகமாக இறங்கி வந்து, வேலையாளை நீக்கப் போனை அமுக்கினார். ‘நீக்குவதற்கு ஊழியர் தன் முகத்தைக் காட்ட வேண்டும்’ என்றது. அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். மறுபடி ஒன்று, மூன்று, பாட்டு. அதே பெண்.

“அவங்களையே வரச் சொல்லி முகத்தக் காட்டச் சொல்லுங்க மேடம்.”

இந்த முறை அக்கா யாரையும் வரச் சொல்லவில்லை.

கேக் சாயாமல் மண்டபம் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் வாயாரப் பாராட்டினார். அதற்குள் அக்கா கடையைக் கை மாற்ற ஆள் தேடத் தொடங்கியிருந்தாள். நாத்தனார் ஒயர்காரரையே கட்டிக்கொண்டு தூரதேசம் போனாள்; எந்த வெயிலிலும் அந்த ஒரு கைக்கு மட்டும் உறை போட்டிருக்கிறாளாம். கடை இப்போது குடைக்கடை. பெட்டியை ரிமோட்டே சுத்தியலால் உடைத்தார், அந்தப் போனையும் சேர்த்து. இரண்டு ஊர் தள்ளி ஒரு வீடு பிடித்தார்கள். பூட்டு என்று ஒன்றுமில்லை. உள்ளிருந்து போடும் ஓர் இரும்புத் தாழ்ப்பாள், அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணிக்கு அக்கா எந்த வேலையையும் போட்டுவிட்டு அதற்கு எதிரே வந்து உட்காருவாள். வெயில் இருக்கும்போதே தாழ்ப்பாள் மெல்ல வெளுக்கத் தொடங்கும். உறைபனியில் நாலு விரல் பதியும், பிறகு கட்டைவிரல். வேலை தெரிந்த ஆள் போல, சத்தமே இல்லாமல், தாழ்ப்பாள் விலகித் திறக்கும்.