கிழியாத தோல்

ஏழாம் எண் தோலில் முடி சிலிர்த்து நின்றது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உப்புநீரில் உருகவிட்டு, வாய் திறந்த கண்ணாடிக் குப்பியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வைத்து இறுக்கிய பிறகுதான் அதைக் கவனித்தான். காசளவு தோல். யாரோ ஒருவரின் வயிற்று அறுவையில் மிஞ்சியது. எட்டு மாதமாக உறைந்து கிடந்தது. அதில் நாலைந்து மெல்லிய முடிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னப் புடைப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்தவனின் முன்கையில் ஈரக்காற்று பட்டால் இப்படி இருக்கும். ஃப்ரீசரில் சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். செத்த தோலுக்குக் குளிராது என்பது அவனுக்குத் தெரியும்.

விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி. ஆய்வகம் இருந்த மாடியில் வேறு யாரும் இல்லை. திரைச்சீலையின் இடுக்கு வழியாக வெயில் மேசையில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. ஸ்பிரிட் வாடையும், அதற்கு அடியில் பழைய எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடையும் அறை முழுக்க இருந்தன. குப்பியின் கீழ்ப்பாதியில் வெதுவெதுப்பான உப்புநீர். அதில் நகத்துண்டு அளவு காந்தம் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியில் டிக், டிக் என்று தட்டியது.

அவன் வந்தது அந்தத் தோலைக் கிழிக்க.

எட்டு மாதம் முன்பு பன்னிரண்டு குப்பிகளில் பன்னிரண்டு தோல்களை வைத்து ஒரு வலி மருந்தைச் சோதித்தான். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்திருந்தார்கள். ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம். பேட்சாக ஒட்டினால் உருண்டைகள் தோலின் இடுக்குகளில் நழுவி, மூன்று நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒன்பது தோல்களில் அப்படித்தான் போனது. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் ஒரே ஆளுடையவை. அவற்றில் மொத்த மருந்தும் ஒரே மாலையில் இறங்கிவிட்டது.

கிழிந்த தோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. கிழிந்ததா இல்லையா என்று மீட்டர் சொல்லும். லேசாக மின்சாரம் விட்டால் முழுத்தோல் தடுக்கும், கிழிந்தது விட்டுவிடும். இரண்டு முறை பார்த்தான். மூன்றும் முழுத்தோல்தான். அதாவது சிலருடைய தோல் இந்த மருந்துக்குக் கதவைத் திறந்து போட்டுவிடும். அதை எழுதினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். மேலாளர் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "நல்ல சேதியாச் சொல்லுப்பா" என்றார். 'தோல் கிழிந்தது' என்று மூன்று இடத்தில் எழுதிவிட்டு அவனும் வீட்டுக்குப் போனான்.

பிறகு பேட்சை ஆட்களின் உடம்பில் ஒட்டிச் சோதிக்கத் தொடங்கினார்கள். போன வாரம் அவர்களில் ஒரு பஸ் டிரைவர் செத்துப்போனார். பேட்சை ஒட்டும்போது, "இத ஒட்டினா வீட்டுக்காரி திட்டறது கேக்காதா தம்பி?" என்று சிரித்தவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டிவி ஓடிக்கொண்டிருக்க. "ஹார்ட்" என்றார் மேலாளர். நாளை மூன்று அதிகாரிகள் வருகிறார்கள், எடுத்து வைத்த தோல்களைப் பார்க்க. "கிழிஞ்சதுன்னு எழுதியிருக்க. கிழிஞ்சுதானே இருக்கும்?" என்று அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

இன்னும் நாற்பது பேர் உடம்பில் பேட்ச் இருந்தது. அவர்களில் ஒருத்தி அவனுடைய அக்கா. தையல்காரி, தோள்வலி. அவன்தான் சொல்லிச் சேர்த்துவிட்டான். டிரைவர் செத்த பிறகும் எடுத்துவிடு என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

மூன்றில் முதலாவதாக ஏழாம் எண். ஊசியை எடுத்துத் தோலின் நடுவில் குத்தினான். உருவினான். துளை இல்லை. மீட்டரில் முழுத்தோல்.

பெரிய ஊசி. மேல்தோல் குழிந்து, இடம் கொடுத்து, ஊசி வெளியே வந்ததும் மூடிக்கொண்டது. மீட்டரில் முழுத்தோல். பிளேடை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். கோடு விழுந்தது. தண்ணீரில் போட்ட கோடு மாதிரி கலைந்தது.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"வேலைல."

"லீவு நாள்லயா? ஒழுங்கா வேலை பாத்தாத்தான் சந்தேகப்படணும் உன்ன."

"என்னக்கா, சொல்லு."

"ஒண்ணுமில்ல. பேட்சுக்குக் கீழ சுருக்குன்னு குத்துச்சு. ரெண்டு தரம். இப்ப ஒரு இழுப்பு, கத்தியால கீறின மாதிரி. எடுத்துடவா?"

பிளேடு இன்னும் அவன் கையில் இருந்தது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன். எடுக்காத. மருந்து வேலை செய்யறப்ப அப்படித்தான் இருக்கும்."

"நீ சொன்னாச் சரி. வலியே இல்லடா, சத்தியமா. தூக்கம்தான் கண்ணச் சுத்துது. வெட்டின துணி அப்படியே கெடக்கு."

வைத்துவிட்டாள். மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கினால் முதலில் தூக்கம் வரும், பிறகு மூச்சு நிற்கும் என்று அந்த மருந்தைச் சோதித்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் இதை முடித்துவிடலாம், பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான்.

கையுறையைக் கழற்றி எறிந்தான். கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

விரல் உள்ளே போனது.

கிழியவில்லை. வலிக்கவில்லை. மூட்டுவரை போனது. கீழே உப்புநீர் அரை விரல் ஆழம்தான், அடிக்கண்ணாடி தட்டுப்படவில்லை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தான். தெளிந்த நீர். சுற்றும் காந்தம். அதில் விரல் இல்லை.

இழுத்தான். வரவில்லை. மற்ற விரல்களும் போயின. உள்ளங்கை போனது. காசளவு தோல் அவன் மணிக்கட்டைச் சுற்றிச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது.

உள்ளே சூடு. ஈரம். வழுவழுப்பு. வரிசையாக வளைந்த எலும்புகள், அவை மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கின. அவற்றுக்கு அப்பால் ஏதோ ஒன்று அவன் உள்ளங்கையில் வந்து முட்டியது. நின்றது. மறுபடி முட்டியது.

இடது கையால் போனைத் தேடி எடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, பேட்ச எடு. இப்பவே பிச்சுப் போடு."

"எடுத்துட்டேன்டா..." குரல் தொலைவிலிருந்து வந்தது. "தோள்ல ஒண்ணுமில்ல... உள்ளதான்... யாரோ கை வெச்சிருக்காங்க."

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"நீயாடா?"

"நாந்தான்க்கா."

"சூடா இருக்கு..."

"அக்கா, தூங்காத. அந்தத் தோல் கிழியவே இல்ல. நாந்தான் கிழிஞ்சதுன்னு எழுதினேன். கேக்குதா? மாமாவக் கூப்பிடு. அக்கா!"

போனில் ஒரு மூச்சு. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

கையை உருவப் பார்த்தான். அசைந்ததும் உள்ளங்கையில் இருந்தது தடுமாறியது. ஒரு துடிப்பு தவறியது. அசைவை நிறுத்தினான்.

வெயில் மேசையை விட்டு இறங்கிவிட்டது. குப்பியின் மேல் குனிந்து, கையை மணிக்கட்டுவரை ஒரு காசளவு தோலுக்குள் விட்டபடி அவன் நின்றான். உள்ளே, கோழிக்குஞ்சை ஏந்துவதுபோல, ஐந்து விரல்களையும் மூடாமல் விரித்துப் பிடித்திருந்தான். அது ஒருமுறை முட்டியது.

அடுத்ததற்குக் காத்திருந்தான்.