மழை குடிக்காத கல்

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய தண்ணீர் சோதனை பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. துளை போட்ட இரும்புக் குழாயைச் சுவரின் தலையில் நீளவாக்கில் கிடத்தி, பீப்பாய் பீப்பாயாக ஆறு மணி நேரம் தண்ணீரை ஓட விட்டிருந்தார்கள். உள்பக்கச் சுவருக்குக் கிளாட்வின் முந்தைய நாளே வெள்ளையடித்து வைத்திருந்தான். ஒரு பொட்டு ஈரம் கசிந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கசியவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் வெளியே வந்து சுவரின் காலடியைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மண் பொரிந்துபோய்க் கிடந்தது. வழிகிற தண்ணீர் ஓடுவதற்கென்று வெட்டி வைத்திருந்த ஓடையில் சருகு காற்றில் உருண்டுகொண்டிருந்தது. பன்னிரண்டு பீப்பாய்த் தண்ணீர்!

"செந்தூர்பாண்டி அண்ணாச்சி, தண்ணி எங்கன போச்சு?"

கொத்தனார் செந்தூர்பாண்டி உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சுட்டதுபோல உடனே எடுத்துக்கொண்டார்.

"உள்ளதான் இருக்கு ஐயா" என்றார்.

ஆடிக் காற்று, தூத்துக்குடி வெயில், புதுச்சுவர் தண்ணீரை இழுக்கத்தானே செய்யும் என்று கிளாட்வின் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஓவர்சியர் வேலையில் பத்து வருஷம் ஓட்டியவனுக்குச் சமாதானம் கண்டுபிடிக்கவா தெரியாது?

கடற்கரை ஓரத்துப் பதுங்குமனை அது. 1942 அது, அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டதிலிருந்து, எதிர்க்கரையில் இருந்த ஊருக்கு உறக்கம் போய்விட்டது. தெருவுக்கு ஒரு பதுங்குமனை என்று உத்தரவு வந்தது. கிளாட்வின் தன் கையாலேயே படம் போட்டான். மூன்றடி கனத்தில் சுவர். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் இறுக்கமாக மணல். ஜன்னல் கிடையாது. கூரையில் இரண்டு காற்றுக் குழாய்கள். இரண்டரை அடி அகலத்தில் ஒரே வாசல், குண்டின் அதிர்ச்சி நேராக நுழையாதபடி அதற்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர்.

செங்கல் சூளைக்குக் கரியில்லை, சிமெண்ட்டோ யுத்தத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியது முருகைக்கல். கடலடியில் பவளம் வளர்ந்து வளர்ந்து பாறையாகிக் கிடக்கிறதே, அதைத் தீவுப்பக்கம் வெட்டி வள்ளத்தில் ஏற்றிவந்தார்கள். ஊரில் பாதி வீடு அந்தக் கல்தான். ஆனால் கொண்டுவந்த கல்லை யாரும் அன்றைக்கே கட்டுவதில்லை. கரையில் அடுக்கி, ஒரு மழைக்காலம் முழுக்க நனைய விட்டு, அதன் பிறகே கரண்டியைத் தொடுவார்கள்.

"ஐயா, இது இப்பத்தான் கடல்ல இருந்து வந்த கல்லு" என்று வைகாசியிலேயே செந்தூர்பாண்டி சொல்லியிருந்தார். "ஒரு ஐப்பசி மழையாவது குடிக்கணும். அதுக்குப் பொறவுதான் இதுல உசுரு போவும். உசுரோட இருக்கிறதை வச்சுச் செவுரு வைக்கக் கூடாதுய்யா."

"ஐப்பசி வரைக்கும் ஜப்பான்காரன் காத்துக்கிட்டு இருப்பானா அண்ணாச்சி?"

வேலையாட்கள் கொல்லென்று சிரித்தார்கள். கிளாட்வினுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கிருபாபாயிடம்கூட அதைச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த பிள்ளை. அந்தப் பதுங்குமனை அவர்கள் தெருவுக்கு ஒதுக்கப்பட்டது. "எங்க வீட்டுக்காரர் கட்டுற செவுரு, குண்டு விழுந்தாலும் அசையாது" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அடுத்தது இடி சோதனை. மூன்று கம்பு நட்டுக் கூட்டிய முக்காலியில் சங்கிலி கட்டி, தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, எட்டுப் பேர் பின்னால் இழுத்துப் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார்கள். சுவர் அதை வாங்கிக்கொண்டது. தட்டு அகலத்துக்கு, கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம், விரிசல் ஒன்றுமில்லை. மறுநாள் எஞ்சினியர் துரைக்குக் காட்டுவதற்காகப் பள்ளத்தைச் சுற்றிச் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போனான்.

காலையில் வட்டம் இருந்தது. பள்ளம் இல்லை.

யாரோ பூசிவிட்டார்கள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. கிட்டப் போய் மோந்து பார்த்தான். சுண்ணாம்பு வாடை இல்லை. கடல் உள்வாங்கின நேரத்தில் வெளியே தெரிகிற பாறைகளின் வாடை அடித்தது, பாசியும் உப்பும் செத்த மீனும் கலந்த வாடை. விரலை வைத்தான். பொழுது விடிந்து அரை மணிகூட ஆகவில்லை, சுவர் உடம்புச் சூட்டில் இருந்தது. சாக்கட்டி வட்டமும் வட்டமாக இல்லை, யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி நீண்டு கிடந்தது.

வாசலை அளந்தான். இரண்டடி நாலரை அங்குலம். படத்தில் இருந்தது இரண்டடி ஆறு. கட்டி முடித்த அன்றும் இரண்டடி ஆறு. அவனே அளந்து அவனே எழுதியது. மறுபடி அளந்தான். அளவு நாடா நைந்து நீண்டிருக்குமோ என்று இரும்பு ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். நாடாவில் ஒரு குறையும் இல்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? சுவர் தடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பச்சைக் கல் என்று எழுதினால், அனுமதித்தது யார் என்று கேட்பார்கள். தண்ணீர் கசிந்ததா? இல்லை. இடிக்கு விரிந்ததா? இல்லை. எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. அவ்வளவு நன்றாகத் தேறியதுதான் கோளாறு. பகல் பன்னிரண்டு மணிக்குத் துரையின் மேஜையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இரண்டு நாளில் துரை வெளியூர் போனதும் நாமே சுவரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் என்று எண்ணிக்கொண்டான்.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு அபாயச் சங்கு ஊதியது.

ஒத்திகையா நிஜமா, யாருக்கும் தெரியாது. கிளாட்வின் ஆபீஸிலிருந்து செருப்பு கூடப் போடாமல் ஓடினான். சுடுமணல் காலைப் பொசுக்கியது. பதுங்குமனை வாசலுக்கு அவன் வருவதற்குள் தெருவே உள்ளே போய்விட்டது. மறைப்புச் சுவருக்கும் வாசலுக்கும் நடுவில் நுழைந்தபோது தோள் இரண்டு பக்கமும் உரசியது. அன்றைக்குக் காலையில்கூட உரசவில்லை.

உள்ளே ஒரே ஒரு லாந்தர். நாற்பது பேரின் மூச்சு, வியர்வை, எவளோ அவசரத்தில் இறக்கிக் கையோடு எடுத்துவந்த மீன் குழம்பின் மணம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பாறை வாடை. கடைக்கோடிப் பெஞ்சில் கிருபாபாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள், பாவம்.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினான்.

அவன் நுழைந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற, பதுங்குமனைக்குப் பொறுப்பான வார்டன் நயினார், கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுக்காட்டினான்.

"ஆல் கிளியர் ஊதாம ஒரு ஆளு வெளிய போவக்கூடாது. ஓவர்சியரே இப்படிப் பயந்தா சனம் என்னத்துக்காவும்?"

"நயினார், வாசல் சின்னதாவுது. பாத்துக்கிட்டே இருக்கும்போது சின்னதாவுது வேய்."

"நீருதானே கையெழுத்துப் போட்டீரு?"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் நின்றான். பேச்சு அடங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. நாலு பக்கமும். பாறை இடுக்கில் நண்டு ஊர்கிற மாதிரி, கிட், கிட், கிட். பிள்ளைகள் சுவரைப் பார்த்து அழுதன. அடித்திருந்த வெள்ளை முழுவதும் பொடிப்பொடியாக உதிர்ந்து, கீழே மாவுபோலக் கிடந்தது. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டிருந்த ஒரு சாண் இடைவெளி இப்போது இல்லை.

"என்னங்க, செவுரு எம் முதுகுல முட்டுது" என்றாள் கிருபாபாய்.

அரை மணி நேரம். அரை யுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழியாக, ஆபத்து நீங்கியதென்று ஆல் கிளியர் ஊதியது.

நயினார்தான் முதலில் போனான். நேராகப் போக முடியவில்லை, பக்கவாட்டில் திரும்பினான். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. வெளியே போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே தள்ளுமுள்ளு. குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். கடைசியாகப் போன கிழவரின் தோளிலும் மார்பிலும் தோல் வழன்று, வாசல் கல் முழுக்க ரத்தம். அந்த ரத்தமும் நிற்கவில்லை. கல்லுக்குள் போய்விட்டது.

"எல்லாரும் போகட்டும்னுதான் இருந்தேன்" என்றாள் கிருபாபாய். "வாங்க, போவோம்."

நடந்து வந்தாள். பக்கவாட்டில் திரும்பினாள். ஒரு கையையும் ஒரு காலையும் உள்ளே விட்டாள். வயிறு இடித்தது.

பின்னுக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி முயன்றாள். அவன் முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளினான்.

"ஐயோ, பிள்ளை!"

கையை எடுத்துவிட்டான்.

வாசலின் அந்தப் பக்கத்தில் செந்தூர்பாண்டியின் முகம் தெரிந்தது. கையில் கடப்பாரை.

"ஐயா, நீங்க வந்திருங்க. உங்க ஒடம்பு இன்னும் நுழையும். அம்மாவை வெளிய இருந்து இடிச்சு எடுத்திருவோம். சீக்கிரம்யா!"

நுழையும்தான். அவனும் கண்ணால் அளந்துவிட்டான். ஒன்பது அங்குலம்.

"போங்க" என்றாள் கிருபாபாய். வாய்தான் சொன்னது. அவள் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"நான் எங்கயும் போவல, ஏளா."

"சொன்னாக் கேளுங்க."

"அண்ணாச்சி, செவுரை இடியும்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினான்.

கடப்பாரை விழுந்தது. ணங். ணங். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். சில்லுகள் தெறித்தன. தெறித்த இடம் வெளிச்சத்தில் வெள்ளையாக, ஈரமாக மின்னியது. அடுத்த அடி விழுவதற்குள் மூடிக்கொண்டது.

எட்டு அங்குலம். ஐந்து.

செந்தூர்பாண்டி கையை உள்ளே நீட்டினார். கிருபாபாய் அதைப் பிடித்தாள். "விடுங்க அண்ணாச்சி, உங்க கை போயிரும்" என்று கிளாட்வினே விடுவித்தான்.

மூன்று விரல் அகலம். ஒரு நூல் வெளிச்சம்.

போய்விட்டது.

ணங் என்ற சத்தம் மட்டும் வந்தது. அடுத்த சத்தம் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. அவர்கள் அதே இடத்தில்தான் நின்று இடிக்கிறார்கள். சுவர்தான் தடித்துக்கொண்டு போனது. கடைசியில் நெஞ்சுத் துடிப்பா கடப்பாரையா என்று பிரித்தறிய முடியவில்லை.

காற்றுக் குழாயை அண்ணாந்து பார்த்தான். இரண்டும் அடைந்திருந்தன. லாந்தர் நீலமாகச் சுருங்கியது. அணைந்தது.

"ஏளா, பயப்படாத. இங்கனதான் இருக்கேன்."

"எனக்கு உக்கார இடமில்லீங்க."

இல்லைதான். பெஞ்சு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவளைத் தனக்கு முன்னால் இழுத்து, நெருக்குகிற சுவரில் இடது கையை ஊன்றி முட்டுக் கொடுத்தான். வலது கையை அவள் வயிற்றில் வைத்தான். உள்ளே பிள்ளை உதைத்தது. நல்ல உதை. உயிரோடு இருக்கிறது.

அந்த நேரத்தில் இடது உள்ளங்கைக்கு அடியில் கல் பூத்தது.

ஆயிரக்கணக்கில். ஈரமாக. மெத்தென்று. நகம் முளைக்காத குட்டிக் குட்டி விரல்கள். ஒவ்வொன்றாக நீண்டு வந்து அவன் விரல்களைச் சுற்றிப் பிடித்தன, பிறந்த பிள்ளை பிடிக்குமே, அந்த மாதிரி. கையை உருவப் பார்த்தான். வரவில்லை.

வயிற்றில் பிள்ளை மறுபடி உதைத்தது.

அந்தக் குட்டி விரல்கள் இறுக்கின.