ஓய்வு நீக்கிய பதிவு

தையல்நாயகியின் வலது தோள்பட்டை காலையிலிருந்தே கடுத்தது. கையை உயர்த்தினால் கழுத்துவரை இழுத்தது. ஆனால் கம்பெனியின் கணக்கில் அது அவளுடைய வலி இல்லை.

"எத்தன தடவம்மா சொல்றது? அது இந்தக் குடுவைய அன்னிக்குத் தீட்டுன நாஸ்காக்காரியோட வலி. ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தினது. நம்ம கம்பெனி தொறந்ததே போன தையில. நாங்க எப்படிப் பொறுப்பாவோம்?" என்றார் மேற்பார்வையாளர் குணசீலன்.

"அப்ப அவளையே வந்து தீட்டச் சொல்லுங்க சார். நான் போயிப் படுத்துக்கறேன்."

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் இப்போது எல்லாம் கைமீட்டி என்ற கருவிதான். பெரு நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த நாஸ்காக் குடுவைகளின் தூரிகைத் தடங்களை நுண்கதிரால் படித்து, எந்தத் தசை எவ்வளவு அழுத்தியது என்று அது கணித்துவிடும். அதன் கையுறையை மாட்டிக்கொண்டால் போதும். செத்துப்போன கை, உயிரோடிருக்கும் கையை ஓட்டும். சூளைக்குப் போகுமுன்பே செம்மண், வெண்மண், காவி என்று குழம்பு குழம்பாகப் பூசிக் கறுப்பில் கோடிழுக்கும் கை அது.

தையல்நாயகி உறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். வேறு வழியில்லாமல் பதிவு திருத்தும் மஸ்தானைக் கூப்பிட்டார்கள். அவன் திரையைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டான்.

"ஓய்வையெல்லாம் வெட்டி எடுத்துட்டீங்களே சார்! ஒரு வண்ணம் காயறவரைக்கும் அந்த நாஸ்காக்காரி கைய மடியில போட்டு உக்காந்திருக்கா. ஈரத்துல அடுத்தத வச்சா ரெண்டும் கலந்துடும்ல."

"அதான் சூடுகாத்து அடிக்கிறோமே. உடனே காஞ்சுடுது."

"மண்ணு காஞ்சுடுது. தோளு ஆற வேணாமா? அவளுக்கு வலியே இல்ல சார். இது நாம செஞ்ச வலி."

முழுப்பதிவை ஏற்றினான். செம்மண் பூசி முடிந்ததும் தையல்நாயகியின் கை தானாக மடியில் இறங்கியது. குணசீலன் கத்தினார், உறையைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை.

"என்னை ஏன் சார் திட்றீங்க? நானா உக்காந்திருக்கேன்?" என்று அவள் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் தோள் கடுக்கவில்லை. குடுவையில் தீட்டிய திமிங்கலத்தின் முதுகில் கோடு பிசிறில்லாமல் ஓடியிருந்தது. ஆனால் குடுவைகளின் எண்ணிக்கை வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை.

மறுநாளே ஓய்வை மறுபடி வெட்டினார்கள். பெட்டியில் 'அசல் நாஸ்கா வலியுடன் தீட்டியது' என்று அச்சடித்தார்கள். விற்பனை எகிறியது. ஆள் போதாமல் குணசீலனும் உறை மாட்ட வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் அவர் முகம் வேர்த்துக் கோணியது.

"கொஞ்சம் நிறுத்துங்களேன் சார்," என்றாள் தையல்நாயகி.

"நிறுத்தத்தான் பாக்கறேன், இந்தச் சனியன் விட மாட்டேங்குது!"

அவர் கை அடுத்த குடுவைக்குப் போயிற்று. அவளுடையதும் போயிற்று.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் பிறகு கையை மடியில் போட்டு உட்காரும் அந்தச் சிறிது நேரத்தைக் கம்பெனி இருவருக்கும் இன்னும் தர வேண்டியிருக்கிறது.