சனல் நம்பர் 612

கல்முனை வாழ் பெருமக்களுக்கும், சாய்ந்தமருது முதல் நிந்தவூர் வரையுள்ள சகல தொலைக்காட்சி நேயர்களுக்கும் பேருவகையுடன் அறியத்தருவது யாதெனில்...

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணி தொடக்கம், 612ஆம் இலக்கத்தில், கண்ணாடி போன்ற எச்.டி. தெளிவில் கிரிக்கட் ஒளிபரப்பு ஆரம்பம். சரித்திரத்தைக் காணத் தயாராகுங்கள்.

இங்ஙனம், பர்ஸான், கிழக்கு மாகாண ஒளிபரப்புப் பணிப்பாளர்.

மாகாணப் பணிப்பாளரின் கீழ் கடமையாற்றியோர் மொத்தம் ஒருவர். டிஷ் பூட்டும் நளீம். மாகாணம் என்பது கல்முனையில் ஒரு டிஷ் கடை. அந்தக் கடையும் பணிப்பாளருடையது அல்ல. அவருடைய சகோதரியின் கணவர் அபூசாலியுடையது.

வெள்ளி நாலு மணி. சரித்திரம் வந்ததோ இல்லையோ, மௌத்து வந்தது.

கடையின் மொட்டைமாடியில், பெரிய டிஷ்ஷின் அடியில், அபூசாலி குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

பக்கத்தில் ஒரு ஸ்பேனர். பிடியில் சிவப்பு டேப்.

டேப் சுற்றியவன் நளீம். ஐந்து மணிக்கு மௌத்தான உடலை முதலில் கண்டு கத்தியவனும் நளீம்.

இதற்கு மேல் பொலிசுக்கு என்ன வேண்டும்?

சனிக்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். அடக்கிய கையின் மண் காயுமுன் இன்ஸ்பெக்டர் றிஸ்மியின் மேசைக்கு முன்னால் நளீம் உட்கார்ந்திருந்தான். அவனுடைய போன் மேசையில், பொலிசின் காவலில்.

"உன்ட ஸ்பேனர்தானே?"

"ஓம் சேர். ரெண்டு இரிக்கி. ஒண்டு எப்பவும் கடையில கிடக்கும்."

"நாலு மணிக்கு எங்க நிண்டாய்?"

"சாய்ந்தமருதில. மர்ஷூதா டீச்சர்ர வீட்டுக் கூரையில. டிஷ் காத்துக்குத் திரும்பிட்டு."

"டீச்சர் கண்டாவா?"

"வீடு பூட்டிக் கிடந்த. கூரையில ஏற வீட்டைத் திறக்கத் தேவையில்ல சேர்."

"அப்ப உன்னைக் கண்டது ஆரு?"

"காகம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"காகம் கோட்டுக்கு வராது. காலையில அபூசாலியோட சண்டை பிடிச்சியாம்?"

"லீவு கேட்டன் சேர். பொஞ்சாதிக்கு இந்தக் கிழமை பிள்ளை கிடைக்கிற தவணை. அபூசாலி காக்கா சத்தம் போட்டார். பிறகு தந்தார். அவர் எப்பவும் சத்தம் போட்டுட்டுத்தான் தருவார்."

"சத்தம் போட்டதுக்குச் சாட்சி இரிக்கி. தந்ததுக்கு?"

தந்தவர்தான் மண்ணுக்குள் போய்விட்டாரே.

"பின்னேரம் கோட்டில போடுறன். ரிமாண்ட்தான்."

நளீமின் கண்முன் மனைவி றிஸ்னாவின் முகம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போவது யார்? பிள்ளையின் காதில் பாங்கு சொல்வது யார்?

அப்போதுதான் பணிப்பாளர் உள்ளே வந்தார். வெள்ளை ஜுப்பா. கையில், கண் துடைக்க, மடிப்புக் கலையாத லேஞ்சி. அழுகையிலும் ஒரு நிர்வாக ஒழுங்கு.

"ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து நாலு மணிக்கு நீங்க?"

"இல்லத்தில். தனிமையில். மனைவி தாய்வீடு சென்றிருந்தார். 612ஆம் சனலின் ஆரம்ப ஒளிபரப்பை ஐந்து மணிவரை பார்வையிட்டேன். கிரிக்கட். மைதானத்துப் புல்லைக்கூட எண்ணலாம் போலத் தெளிவு."

நளீமின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"சேர்... இன்னொருக்காக் கேளுங்க. எந்த சனல் எண்டு."

"நீ வாயை மூடு," என்றார் இன்ஸ்பெக்டர். ஆனாலும் கேட்டார். "அதே மெச் பழைய சனல்லயும் போன. மாறி அதைப் பார்த்தீங்களோ?"

தப்பிக்க ஒரு வாசல். அகலமாகத் திறந்திருந்தது.

பணிப்பாளர் அதை அவமானமாகப் பார்த்தார்.

"பழைய சனலா? நானா? திறந்துவைத்தவனே நான், சேர். 612. எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதப்பட்டது. பர்ஸான் கையெழுத்திட்டார். கீழே பதவியையும் எழுதினார்.

"சேர்," என்றான் நளீம். "என்ட போன்ல நேத்து வந்த வொய்ஸ் மெசேஜைப் போடுங்க. நாலு மணிக்குப் பிறகு வந்தது."

கொன்ஸ்டபிள் முஸ்பிறா போனை எடுத்தாள். நாற்பத்தொரு மெசேஜ். முதலாவது, வெள்ளி, நாலு ஆறுக்கு வந்தது. நிந்தவூர் வாடிக்கையாளர் சபூறாவின் குரல் அறையை நிறைத்தது.

"மகன் நளீம், நான் சபூறா கதைக்கிறன். கிரிக்கட் எண்டு நோட்டீஸ் தந்தீங்க, 612ல மீன் ஓடுது. அரைவாசி நாளும் மீன் ஆயுற எனக்கு டிவியிலயும் மீனா? அதுவும் கறிக்கு ஆகாத மீன்."

அடுத்தது ஒரு ஆண் குரல். "டேய், மெச் எங்கடா? ஒரே மஞ்சள் மீன் மூணாந்தரமும் வருது."

பர்ஸானின் லேஞ்சி பாதி வழியில் நின்றது.

"புதுச் சனல் ஏத்தினா உடன மெச் போடமாட்டாங்க சேர்," என்றான் நளீம். "முதல்ல டெஸ்ட். ஏழு நிமிஷ மீன் படம், திரும்பத் திரும்ப. நிறம் சரியா, ஓடுற நேரம் படம் உடையுதா, மழைக்கு நிக்குதா எண்டு பாப்பாங்க. நிகழ்ச்சிப் பட்டியல்ல மட்டும் கிரிக்கட் எண்டு இரிக்கும். அதுவும் டெஸ்ட்தான். டிஷ் கொம்பனி அப்பிடி மெசேஜ் அனுப்பின. பணிப்பாளர் பட்டியலைப் பார்த்து நோட்டீஸ் அடிச்சிட்டார், மெசேஜை வாசிக்கல்ல."

"ஊரே மீன் பார்த்திரிக்கி. இவருக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்து நான் கத்தின நேரத்திலயிருந்து இவர் மௌத்து வீட்டில சேர். அங்க டிவிக்குத் துணி போட்டு மூடியாச்சு. துஆக் கேட்க வாற சனம், மச்சானைப் பறிகொடுத்த ஆள்ட கையைப் பிடிச்சு, 'உங்கட சனல்ல மீன் ஓடுது' எண்டா கதைக்கும்? எல்லாரும் என்ட போனுக்குத்தான் அடிச்சாங்க."

இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட தாளைப் பர்ஸானின் பக்கம் திருப்பினார்.

பணிப்பாளரின் வாயிலிருந்து மேடைத் தமிழ் கழன்று விழுந்தது.

"கடைட புதுப் போர்டுல மச்சான் என்ட பேரை எடுத்திட்டார் சேர். ஏன் எண்டு கேட்கப் போனன். 'இது டிஷ் கடைடா, அமைச்சு இல்ல' எண்டு சிரிச்சார். சிரிச்சிட்டுத் திரும்பி நிண்டார்... ஸ்பேனர் பக்கத்தில கிடந்த."

முஸ்பிறா விலங்கை எடுத்தாள்.

நளீம் போனை வாங்கிக்கொண்டு எழுந்தான். றிஸ்னாவிடமிருந்து மூன்று மிஸ்ட் கோல்.

"ஓடு, ஓடு," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நில்லு. அந்த கிரிக்கட் எப்ப வரும்?"

"தெரியா சேர்."

அந்த அறிவித்தலைக் கடைசிவரை நம்பியவர் ஊரில் ஒரே ஒருவர். அதை எழுதியவர்.

612இல் இன்றும் மீன்தான் ஓடுகிறது.