கடைசி அறையின் ஐந்து படங்கள்

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இருட்டு மட்டும் வெளுக்க மாட்டேன் என்றது.

ராஜப்ரியா லேப்டாப்பின் திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். அறையின் மற்ற எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. கட்டிலின் பித்தளைக் குமிழ்கள், விரிப்பில் போட்ட பூவேலை, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவின் மேல் படுத்துக் கிடந்த மூடுபனி, எதிலும் குறையில்லை. அலமாரியை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் கருப்பு அப்படியே நின்றது. லைட்ரூம் மென்பொருளில் நிழலைத் தூக்கி வெளுப்பாக்கும் கோலைக் கடைசி வரை தள்ளியும் அது அசையவில்லை.

நீலகிரியில் தங்கும் விடுதிகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஜன்னல்தான் முதல் எதிரி. வெளியே பனி வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கும். உள்ளே பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும். அறையைப் பார்த்து எடுத்தால் ஜன்னல் சுண்ணாம்பாகிவிடும், ஜன்னலைப் பார்த்து எடுத்தால் அறை கரியாகிவிடும். அதனால் டிரைபாடில் கேமராவை நிறுத்தி, கும்மிருட்டிலிருந்து பளீர் வெளிச்சம் வரைக்கும் ஒரே காட்சியை ஐந்து படங்களாக எடுத்து, ஐந்தையும் மென்பொருளில் போட்டு ஒன்றாக்க வேண்டும். எச்.டி.ஆர். என்பார்கள். அப்படிப் பிறக்கும் படத்தை நம்பி வருகிற விருந்தாளி அறையை நேரில் பார்த்ததும் முகம் சுளிப்பான். அதற்கு அவள் பொறுப்பில்லை.

இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான். ஐந்து படமும் முடிகிற வரை எதுவும் அசையக் கூடாது. அசைந்ததை மென்பொருள் துடைத்துவிடும், அசையாமல் நின்றதை மட்டும் அறையின் பொருளாக எண்ணி வைத்துக்கொள்ளும்.

ஆறு வயதுத் தாரிணியை வைத்துக்கொண்டு இந்த விதியைக் காப்பாற்ற ராஜப்ரியா ஒரு விளையாட்டு பழக்கியிருந்தாள். மழைக்குப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் குழந்தையையும் கூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். கணவன் இளங்குமரன் குந்தா மின்நிலையத்தில் ஷிப்டு பார்க்கிறவன், அவனை நம்பிக் குழந்தையை விட முடியாது. கேமராவை அழுத்தும் முன் "ஸ்டாச்சு" என்பாள். தாரிணி நின்ற இடத்தில் சிலையாகிவிடுவாள். ஐந்தாவது படம் விழுந்ததும் "ரிலீஸ்" என்பாள். பெண் இதில் மகா கண்டிப்பு. போன மாதம் கோத்தகிரியில் ஒரு விடுதியில் ராஜப்ரியா ரிலீஸ் சொல்ல மறந்து டீ குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது குழந்தை ஒரு காலைத் தூக்கியபடி, கண்ணில் நீர் முட்ட நின்றுகொண்டிருந்தது. கூட வந்திருந்த இளங்குமரன் நூறு தடவை ரிலீஸ் சொல்லிவிட்டானாம்.

"அப்பா சொன்னா செல்லாது. நீதான சொல்லோணும்" என்றாள் தாரிணி, அழுகைக்கு நடுவே.

ராஜப்ரியா அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு தானும் கொஞ்சம் அழுதாள்.

இன்று எடுத்தது கொலக்கம்பை தாண்டி ஓர் எஸ்டேட் பங்களா. நான்கு அறைகள் நல்லபடியாக முடிந்தன. கடைசி அறைக்கு வரும்போது பனி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. அந்த அறையில் ஈரக் கம்பளியின் வாடை அடித்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகாவுக்கு அந்த அறையைக் கண்டாலே ஆகாது. "இதுல துணி போட்டா காயவே காயாதுங்க மேடம்" என்று வாசலிலேயே நின்றுகொண்டாள். ராஜப்ரியா அவசரமாக ஸ்டாச்சு சொல்லி ஐந்து படங்களைத் தட்டினாள். இடையில் சால்வையை யாரோ இழுக்க, திரும்பாமலே "இரு கண்ணு, ஆயிருச்சு" என்றாள். டிரைபாடை மடக்கினாள். பின்னால் கை நீட்ட, சின்னக் கை ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சில்லென்றிருந்தது. ஊட்டிப் பக்கத்துப் பிள்ளைகளின் கை ஜூலையில் வேறு எப்படி இருக்கும்?

"வரும்போது பாப்பா அந்தப் பேச்சுப் பேசுச்சு, இப்ப மூச்சே காணமுங்களே" என்றாள் மல்லிகா, இவர்கள் காரில் ஏறும்போது.

உண்மைதான். வழக்கமாக வளைவுக்கு வளைவு வாந்தி வருகிறது என்று உயிரை எடுப்பவள், அருவங்காட்டில் வீட்டு வாசலில் இறங்கும் வரை வாயைத் திறக்கவில்லை. ராஜப்ரியாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பங்களா முதலாளிக்குக் காலைக்குள் படங்கள் போயாக வேண்டும். குழந்தையை முன்னறையில் வரைபலகை முன் உட்கார வைத்து, பாலைக் கொடுத்து, "அம்மா வேலை முடிக்கிற வரைக்கும் ஸ்டாச்சு, சரியா?" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்து மேசையில் அமர்ந்தாள்.

சொன்னதற்காக அப்படியே உட்கார்ந்துவிடப் போகிறாளா என்ன?

அவள் அந்தக் கருப்பு மூலையை விடவில்லை. அதே ஐந்து படங்களைப் போட்டோமேட்டிக்ஸ் என்ற வேறொரு மென்பொருளில் போட்டாள். அது எந்த அறையையும் கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டியதுபோல் காட்டும். கூரைத் தகரத்தில் மழை தடதடத்தது. படம் மெல்லத் தெளிந்தது. பித்தளை தங்கமாயிற்று, பனி நீலமாயிற்று, அலமாரி ஓரத்துக் கருப்பு கரைந்து உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. திரைச்சீலை ஏதாவது மாட்டிக் கிடக்கும் என்று நினைத்தாள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொன்று அவளிடம் இருந்தது. மாட்டுவண்டி வேகம்தான், ஆனால் நிழலுக்குள் இருப்பதை ஒளிக்காமல் காட்டும். அதில் போட்டாள். திட்டுக்கு மேலே ஒரு குரங்குக் குல்லாய் வந்தது. குல்லாய்க்குள் ஒரு வட்டம் வந்தது. மூன்றும் மூன்று விதமாகச் சொல்கிறதே என்று எரிச்சலோடு எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒன்றாக்காத மூலப்படத்தையே, ஐந்தில் ஆக வெளிச்சமானதையே, நேராகத் திறந்தாள்.

தாரிணி நின்றுகொண்டிருந்தாள்.

ரோஸ் ஸ்வெட்டர், குல்லாய், இரண்டு பக்கமும் ஒட்டிய கைகள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், சிலையாக.

"அட என் தங்கமே, படத்துக்குள்ளயே நின்னுட்டியா" என்று ராஜப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. குழந்தையின் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. சரி, அழித்துவிட வேண்டியதுதான். அழிக்கும் கருவியை எடுத்து, குல்லாயின் மேல் வட்டத்தை வைத்தாள்.

விரல் நின்றது.

சால்வை.

அந்த ஐந்து படங்களும் விழுந்துகொண்டிருந்தபோது அவள் சால்வை பின்னாலிருந்து இழுபட்டது. இடுப்புக்குக் கீழே, ஒரு குழந்தையின் உயரத்தில். மல்லிகா வாசலில் நின்றிருந்தாள், கைக்கு எட்டாத தூரம். தாரிணி அலமாரி ஓரத்தில் நின்றிருந்தாள். முதல் படத்தைத் திறந்து நிழலைத் தூக்கினாள். இருந்தாள். இரண்டாவது. இருந்தாள். மூன்றாவது, நான்காவது. ஐந்திலும் ஒரே இடம், ஒரே முகம், இமைகூட மாறவில்லை. அவள் நகரவே இல்லை.

அப்படியானால் சால்வையைப் பிடித்தது யார்?

கை நீட்டியதும் வந்து ஒட்டிக்கொண்டது யாருடைய கை?

அந்த அறையில் அவள் ரிலீஸ் சொல்லவில்லை. ஆயிருச்சு என்றாள். வா என்று கை நீட்டினாள். ரிலீஸ் சொல்லவில்லை.

ராஜப்ரியா மெல்லத் திரும்பினாள். திறந்த கதவு வழியாக முன்னறை தெரிந்தது. ரோஸ் ஸ்வெட்டரின் முதுகு. பலகை மேல் குனிந்த குல்லாய். கையில் கிரேயான், காகிதத்தில் முனை ஊன்றியபடி. பக்கத்தில் பால் டம்ளர், ஆடை படிந்து சுருங்கி. இவள் உள்ளே வந்து உட்கார்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. காகிதம் வெள்ளையாக இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து தாரிணிக்கு மூக்கடைப்பு. பக்கத்து அறையிலிருந்தாலும் உறிஞ்சுவது கேட்கும்.

கேட்கவில்லை.

வெளியே போகும் வழி முன்னறை வழியாகத்தான். அவள் எழவில்லை. திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு, போனை எடுத்து மல்லிகாவை அழைத்தாள்.

"மல்லிகாக்கா, அந்தக் கடைசி ரூமுக்குக் கொஞ்சம் போங்க."

"எதாச்சும் உட்டுட்டுப் போயிட்டீங்களா மேடம்?"

"ஆமாங்க்கா."

படியேறும் சத்தம். சாவி. கதவு.

"ஒண்ணுமில்லீங்களே மேடம்."

"அலமாரிகிட்டப் பாருங்க. டார்ச் அடிச்சுப் பாருங்க."

"சுவருதானுங்க இருக்குது." மல்லிகாவின் குரல் இறங்கியது. "மேடம்… யாரோ அழுவறாப்பல இருக்குதுங்க. பூனையா என்னன்னு தெரியல. ரொம்பச் சன்னமா."

"போனை அங்க வைங்க. ஸ்பீக்கர் போடுங்க."

முதலில் மழைதான் கேட்டது, அந்தக் கூரையின் மழை. அப்புறம் மழைக்கு அடியில், அடக்கி அடக்கி, ஓர் உறிஞ்சல். அடைத்த மூக்கின் உறிஞ்சல். பெற்றவளுக்குத் தெரியாதா?

"ரிலீஸ்" என்றாள் ராஜப்ரியா, உதட்டுக்குள்.

"என்னங்க? மழை சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னால் முன்னறைக்கும் கேட்கும். அங்கே இருப்பதும் ஸ்டாச்சுதான். அவளே சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னது. அதுவும் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

"மேடம், அழுவறது கம்மியாவுதுங்க… இப்பக் கேக்கவே மாட்டேங்குது…"

"ரிலீஸ்!" ராஜப்ரியா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். "ரிலீஸ் தாரிணி! ரிலீஸ் கண்ணு!"

போனில் மல்லிகா அலறினாள். டார்ச் விழுந்து உருண்டது. "ஐயோ பாப்பா! எங்கிருந்து சாமி வந்தே நீயி!" அடுத்த கணம், மூக்கடைத்த, கோபமான, உயிருள்ள குரல்: "அம்மா! நீ சொல்லவே இல்ல!"

ராஜப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

முன்னறையில் கிரேயான் உருண்டது.

தரையில் விழுந்தது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. காலடி இல்லை. ஈரக் கம்பளி வாடை மட்டும் வந்தது.

சால்வை இழுபட்டது. இடுப்புக்குக் கீழே.

அவள் திரும்பவில்லை. திரையில் தாரிணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடி இடுப்புக்கு வந்தது. விலாவுக்கு. தோளுக்கு. தோளைத் தாண்டியும் போயிற்று. நாற்காலியில் இருப்பவளுக்கு மேலே, நிற்கும் ஆளுக்கும் மேலே, கூரைத் தகரத்துக்குக் கீழே எங்கோ போய் நின்றது. அங்கிருந்து ஒரு கை இறங்கி, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவள் உச்சந்தலையில் அமர்ந்தது. சின்னக் கைதான். சில்லென்றிருந்தது.

"ஸ்டாச்சு" என்றது, ராஜப்ரியாவின் குரலிலேயே.

மழை பெய்துகொண்டிருந்தது. போனில் தாரிணி கூப்பிட்டாள்.

"அம்மா? அம்மா, எப்ப வருவ? பேசும்மா."

கன்னத்தில் பாதி வழி இறங்கியிருந்த கண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. ராஜப்ரியா திறந்த கண்ணோடு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.