எழுபத்து நான்கு சதவீதம்

எங்கள் வீட்டில் யாருக்கும் சும்மா உட்காரத் தெரியாது. அம்மா போனில் பேசினாலும் கையில் ஒரு துணியோடு எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவாள். என் தம்பிக்கு ஆறு வயது. கை கால் அடங்கியிருந்தாலும் அவன் வாய் அடங்காது. "ஏன்? ஏன்?" என்று கேட்டே உயிரை வாங்குவான். அதனால் அவனுக்குக் கேள்விக்குறி என்று பெயர். எனக்குப் பம்பரம் என்று பெயர். காரணத்தை நான் வேறு சொல்ல வேண்டுமா?

அப்படிப்பட்ட எங்களைப் பார்த்து "அசையாதே, காத்திரு" என்று ஒரு சனிக்கிழமை எங்கள் கம்ப்யூட்டர் சொன்னது.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு பரீட்சை. எனக்கு இல்லை, அம்மாவுக்கு! கேள்விக்குறி பிறப்பதற்கு முன்பு அம்மா ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவன் பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது அதே இடத்தில் ஒரு வேலை காலியாக இருந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பரீட்சை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் முடிவு திரையிலேயே வந்துவிடும். தேறினால் வேலை. இரண்டு மாதமாக அம்மா விழுந்து விழுந்து படித்தாள். அடுப்பில் பால் காயும்போதுகூடக் கையில் புத்தகம்தான். எத்தனை நாள் பால் பொங்கி வழிந்தது என்று கணக்கே இல்லை.

காலை ஒன்பது மணிக்கு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மா பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாள். திரையில் இப்படி வந்தது:

"உங்கள் கணினியின் இயங்குதளம் மிகவும் பழையது. புதுப்பித்த பிறகு வரவும்."

அம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "போச்சு!"

"போன்ல எழுதேம்மா," என்றேன்.

"போன்ல எழுத விடமாட்டாங்க. கம்ப்யூட்டர் வேணும், கேமரா வேணும். ரூம்ல நான் மட்டும் தனியா இருக்கணும். வேற யாராவது எட்டிப் பார்த்தாலே கேன்சல்."

உடனே மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா, அம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றாலும், டிவி தெரியவில்லை என்றாலும், போன் மக்கர் பண்ணினாலும் அவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." பாதி நேரம் அது பலிக்கவும் செய்யும். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டுவிட்டது.

மாமா பத்து நிமிடத்தில் வந்து நின்றார்.

"இவ்வளவுதானா? புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏத்திட்டா முடிஞ்சுது. ஒரு மணி நேர வேலைக்கா."

"நீ ஒரு மணி நேரம்னா மூணு மணி நேரம்னு அர்த்தம்," என்றாள் அம்மா.

முதலில் போட்டோக்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தோம். அதிலேயே அது நிரம்பிவிட்டது. பிறகு மாமா 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவே இல்லை. நான்தான் பின்னால் நின்று படித்தேன்.

"மாமா, நில்லுங்க. இடம் போதலையாம். இன்னும் பன்னிரண்டு ஜிபி காலி பண்ணணுமாம்."

எங்கள் கம்ப்யூட்டருக்கு என் வயது. அதற்குள் இருந்ததிலேயே பெரியது என் விளையாட்டுதான். ஒரு நகரம் கட்டும் விளையாட்டு. இரண்டு வருடமாகக் கட்டியிருந்தேன். இருநூற்றுப் பதினான்கு வீடுகள், ஒரு ரயில் நிலையம், ஒரு மிருகக்காட்சிசாலை. அதில் ஒரு யானைக்குட்டிகூட இருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி, அவ ஆசையா கட்டினது. வேற ஏதாவது இருக்கான்னு பார்ப்போம்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, ஏற்கனவே துடைத்திருந்த மேஜையை மறுபடி துடைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நானே மவுஸை வாங்கினேன். "நிச்சயமாக நீக்க வேண்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினேன். கண் கரித்தது.

"அக்கா, யானைக்குட்டியும் போயிடுச்சா?"

"போயிடுச்சுடா."

"ஏன்?"

"அம்மா பரீட்சை எழுதணும்ல?"

அதற்கு மேல் கேள்விக்குறி 'ஏன்' கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொண்டான்.

புதிய சிஸ்டம் இறங்கி முடிக்கவே மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. பிறகு திரை நீலமாக மாறி, நடுவில் ஒரு எண் வந்தது. ஒரு சதவீதம். அதற்குக் கீழே "கணினியை அணைக்க வேண்டாம்" என்று ஒரு வரி.

இரண்டு, மூன்று, ஐந்து... எண் ஏற ஏற நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். இரண்டு இருபதுக்கு எழுபத்து நான்கு வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு முப்பது. எழுபத்து நான்கு. இரண்டு நாற்பது. அப்போதும் எழுபத்து நான்கு. அம்மா ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மாமா விரல்களைச் சொடக்கினார். பத்து விரலும் முடிந்ததும் கேள்விக்குறியின் விரல்களைப் பிடித்துச் சொடக்க ஆரம்பித்தார்.

அப்பா பேருந்து ஓட்டுநர். வண்டியை நிறுத்தியிருந்த இடைவெளியில் போன் செய்தார்.

"இன்னுமா முடியலை? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்!"

"பார்த்தியாக்கா? மச்சானே சொல்லிட்டாரு," என்று மாமா எழுந்தார்.

நான் சடாரென்று மேஜைக்கு அடியில் புகுந்து, சுவிட்ச்சை முதுகால் மறைத்து உட்கார்ந்துகொண்டேன். "அணைக்க வேண்டாம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு மாமா!"

"அது தொங்கிப்போச்சு பம்பரம். நகருதான்னு நீயே பாரேன்."

எனக்கு மட்டும் கை துறுதுறு என்று இல்லையா? அந்தச் சுவிட்ச் என் முதுகிலேயே உறுத்திக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த சிபியு பெட்டியைப் பார்த்தேன். அதன் முன்பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு மினுக் மினுக் என்று துடித்துக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே 'குறுகுறு' என்று ஒரு சத்தம்.

"அம்மா, இங்க வந்து கேளு. இது தொங்கலை. உள்ளே என்னவோ பண்ணிக்கிட்டே இருக்கு."

அம்மா குனிந்து மேஜைக்கு அடியில் வந்தாள். அவளும் பெட்டியில் காதை வைத்தாள்.

"இவ சொல்றது சரிதான் தம்பி. லேப்ல மெஷினுக்குள்ள ரத்தத்தை வெச்சுட்டா, நடுவுல திறக்கக் கூடாது. திறந்தா எல்லாம் பாழ். நாம காத்திருப்போம்." சொல்லிவிட்டு, பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். வேலை செய்கிற பெட்டியை அணைத்தால் கம்ப்யூட்டரே எழாமல் போகலாம். அணைக்காமல் இருந்தால் மணி நான்கைத் தாண்டிவிடலாம். இரண்டுமே அவளுக்குத் தெரியும்.

மூன்று ஐந்துக்குத் திரை ஒரேயடியாகக் கறுப்பாகிவிட்டது.

"ஐயோ!" என்றாள் அம்மா.

"விளக்கு மினுக்குதும்மா! இன்னும் மினுக்குது!" என்று நான் அடியிலிருந்து கத்தினேன்.

மூன்று பத்து. மூன்று பதினைந்து. எனக்குக் கால் மரத்துப்போனது. அம்மா பக்கத்து அறையில் பரீட்சைக்கான அடையாள அட்டையைப் பத்தாவது முறையாகச் சரிபார்த்தாள். திடீரென்று வீடு அமைதியாக இருப்பதுபோலத் தோன்றியது. விரல் சொடக்கும் சத்தம் கேட்கவில்லை.

கேள்விக்குறி மேஜைக்கு அடியில் தலையை நீட்டினான். "அக்கா, மாமா ஏன் கீழே மெயின் பாக்ஸுக்குப் போனாரு?"

"எங்கே போனாரு?"

"மாடிப்படி லைட் ரொம்ப நாளா சரியா எரியலையாம். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல மாத்திட்டு வர்றேன்னு போனாரு."

மெயினை அணைக்காமல் மாமா ஒரு ஒயரைக்கூடத் தொடமாட்டார். அது அவர் தொழிலில் அவருக்கு இருக்கும் முதல் விதி. எங்கள் கட்டடம் முழுவதற்கும் கீழே ஒரே ஒரு மெயின்தான். கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்கிப்பிடிக்கிற யுபிஎஸ், போன வருடமே மண்டையைப் போட்டுவிட்டது. அதை மாற்றித் தருகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் இதே மாமாதான்!

"யாரையும் சுவிட்ச்சைத் தொட விடாதே!" என்று தம்பியை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.

மூன்று மாடி. மரத்துப்போன கால் இரண்டு படிக்கு ஒரு படி இடறியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி ஓட்டமும் பாதி சறுக்கலுமாக இறங்கினேன். கீழே மெயின் பாக்ஸ் திறந்திருந்தது. வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு, மாமா பெரிய சுவிட்ச்சின் மேல் கையை வைத்திருந்தார்.

கத்த நினைத்தேன். மூச்சு முட்டியதில் குரல் வரவில்லை. பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"ஏய்! மெயின் பாக்ஸ்கிட்ட என்ன விளையாட்டு?" மாமாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"மேல... கம்ப்யூட்டர்... மாமா..."

மாமா சுவிட்ச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. கையைச் சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

"ஐயையோ," என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கை தானா போயிடுச்சு பம்பரம். அக்கா ரெண்டு மாசமா படிச்சா. நான் ஒரே நிமிஷத்துல எல்லாத்தையும் கெடுத்திருப்பேனே! இரு, நான் போய் அவகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க மாமா! இப்ப சொன்னா அம்மா பயந்துடுவா. அந்தப் பதற்றத்தோட எப்படிப் பரீட்சை எழுதுவா?"

மாமா தலையை ஆட்டினார். மெயின் பாக்ஸைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். என்னை நம்பாதே."

மேலே போனதும் அம்மா கேட்டாள், "எங்கடி போனே? இப்படி மூச்சு வாங்குது?"

"சும்மா ஓடிட்டு வந்தேம்மா."

அம்மா உடனே நம்பிவிட்டாள். பம்பரம் என்று பெயர் எடுத்ததில் இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அக்கா! அக்கா! எழுபத்தஞ்சு!" என்று கேள்விக்குறி உள்ளிருந்து அலறினான்.

திரை திரும்பி வந்திருந்தது. எழுபத்தைந்து, எண்பத்தொன்று, தொண்ணூறு. இவ்வளவு நேரம் நொண்டியடித்த எண் இப்போது தடதடவென்று ஓடியது. மூன்று ஐம்பதுக்கு 'வணக்கம்' என்று வந்தது. நாங்கள் நால்வரும் ஒரே குரலில் "வணக்கம்!" என்றோம்.

அம்மா பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாள். இந்த முறை யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கேமராவில் அவள் முகம் தெரிந்தது. முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். "எல்லாரும் வெளியே போங்க," என்றாள். கதவு சாத்தியபோது மணி மூன்று ஐம்பத்தேழு.

அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படித் தள்ளினோம் என்று கேட்காதீர்கள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாமா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கேள்விக்குறி 'ஏன்' வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டான். நான் அசையவே இல்லை. சத்தியமாக!

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னாச்சும்மா?"

அவள் மாமாவிடம், "தம்பி, பீரோ மேல ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. அதை எடு," என்றாள்.

மாமா ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு வெள்ளைக் கோட்டு. மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. அம்மா அதை உதறி, வீட்டு உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். பொத்தான் எட்டவில்லை.

"ஆறு வருஷத்துல கோட்டு சுருங்கிடுச்சு போல," என்றாள்.

"அம்மா, பாஸா? சொல்லேன்!"

"நூத்துக்கு எண்பத்தெட்டு. திங்கட்கிழமை காலையில வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நாங்கள் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமா மூக்கை உறிஞ்சினார். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"ஆ! அது... கோட்டு உனக்கு ரொம்பப் பொருத்தமா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

அன்று சாயங்காலம் அம்மா அந்தக் கோட்டோடேயே காய் நறுக்கினாள், அந்தக் கோட்டோடேயே அப்பாவுக்குப் போன் பேசினாள், அந்தக் கோட்டோடேயே எங்களுக்குச் சாப்பாடு போட்டாள்.

"ஏம்மா கழட்டவே மாட்டேங்கறே?" என்று கேள்விக்குறி கேட்டான்.

"மனசு வரலைடா," என்றாள் அம்மா.