கண்ணீரைவிடக் கரிக்கும் தண்ணீர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. கதவைச் சாத்த வேண்டாம், விளக்கைக் குறைக்கவும் வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்த கதை, இருட்டின் தயவு இதற்குத் தேவையில்லை. தாகமாக இருக்கிறவர்கள் இப்போதே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். கதை பாதியில் இருக்கும்போது டம்ளரை எடுக்க உங்களுக்குக் கை வராது. கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொள்ளுங்கள். சொல்லட்டுமா?

ஒரு மருந்துக்கடைக்காரன். கடைத்தெரு வளைவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை, மேலே வெள்ளைக் கோட்டு, பையில் இரண்டு பேனா. டாக்டர் இல்லாத நேரத்தில் தெருவுக்கே அவன்தான் டாக்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, இளகிய தார் செருப்பில் ஒட்ட ஒட்ட வீட்டுக்கு நடந்து வந்தவன், கை கழுவ நேராகச் சமையலறைக்குப் போனான். கழுவுதொட்டியின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கிய டம்ளர். நிமிர்த்திப் பார்த்தால், அடியிலிருந்து விளிம்புவரை உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தான். நறநறவென்று உதிர்ந்தது. உப்பு.

"ஏம்மா, இந்த டம்ளர்ல என்ன வச்சிருந்த?"

"எந்த டம்ளரு? அந்த நசுங்கினதா?" அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அது நம்ம வீட்டுது இல்லையே. நீங்க கடையிலேர்ந்து கொண்டுவந்ததுன்னு நெனச்சேன். அத விடுங்க, முதல்ல இங்க வாங்க. சுண்டு திரும்பவும் வாந்தி எடுத்துட்டான்."

சுண்டு அவர்களின் ஒரே மகன், மூன்று வயது நிரம்பவில்லை. மற்ற நாளில் அப்பாவின் வெள்ளைக் கோட்டைத் தரையில் புரள மாட்டிக்கொண்டு, "யாருக்கு ஊசி? யாருக்கு ஊசி?" என்று வருகிறவர் போகிறவரை மிரட்டுகிற வாண்டு. இன்றைக்குப் பாயில் துவண்டு கிடந்தான். அறையில் புளித்த பால் வாடை. மின்விசிறி அந்த வாடையையே எடுத்து எடுத்து முகத்தில் போட்டது.

"காலையிலேர்ந்து எடுத்துக்கிட்டே இருக்கான். தாகம் தாகம்னு அழுதானேன்னு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன். குடிச்ச வேகத்துல அப்படியே கொட்டிட்டான்."

"ஒரேயடியா குடுத்தா வயிறு தாங்குமா? வாந்தி எடுத்ததும் கொஞ்ச நேரம் சும்மா விடணும். அப்புறம் ஸ்பூன்ல ஒரு வாய். தங்குதான்னு பாத்துட்டு இன்னொரு வாய். அவ்வளவுதான்."

"ஊருக்கெல்லாம் சொல்ற வைத்தியத்தப் பொண்டாட்டிக்கும் ஒரு நாள் சொல்லி வச்சிருக்கலாம்ல?"

"நீ என்னைக்கு என் பேச்சக் கேட்ட, சொல்றதுக்கு?" என்று சிரித்தபடி அவன் எழுந்தான்.

பைக்குள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் இருக்கும். வாந்தி, பேதி கண்ட பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி. காய்ச்சி ஆறிய தண்ணீரை லிட்டர் பாட்டிலில் அளந்து கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி, பொடி முழுவதையும் கொட்டி, கரையும்வரை கலக்கி, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கலந்த தண்ணீர் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரிக்கவில்லை. ஸ்பூன் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். மடக், மடக் என்று, வெகுநாள் தாகத்தோடு யாரோ அண்ணாந்து குடிக்கிற சத்தம். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் ஸ்பூனிலேயே சுண்டு முகத்தைச் சுளித்துத் துப்பினான். "உப்புப்பா..."

மனைவி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகமும் கோணியது. "என்னங்க இது, கடல் தண்ணி மாதிரி! கூஜாவப் பாருங்க. பாக்கெட் முழுசையும் ஒரு டம்ளர் தண்ணியிலயா கொட்டுனீங்க?"

கூஜாவின் அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு சிவப்பு நூல் துண்டு மிதந்தது.

அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்ததும் நடுமுதுகில் ஏதோ ஊர்ந்தது. ஏனென்று சொல்கிறேன்.

போன கோடையில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். துணி தைக்கும் கம்பெனியில், தைத்து வருகிற சட்டைகளில் பிசிர் நூல் வெட்டுகிறவள். தலைமுடி, புருவம், கழுத்து என்று எங்கும் நூல் துண்டுகள் ஒட்டியிருக்க, தோளில் வாடிய பெண்குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை என்றாள். அவன் இந்தப் பாக்கெட்டை எடுத்துப் போட்டான். "அண்ணே, இத ஒரு டம்ளர்ல கலக்கணுமா, ஒரு லிட்டர்லயா?" என்று கேட்டாள். அவன் கையிலிருந்த போனில் மட்டைப் பந்தாட்டம் கடைசிப் பந்தை எட்டியிருந்தது. அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள். "டம்ளர்ல கலக்கிக் குடும்மா, போ" என்றான், தலை நிமிராமல்.

உப்பு ஏறி, தாகம் ஏறி, அந்தக் குழந்தைக்கு வலிப்பு கண்டது. பிறகு அது விழிக்கவில்லை. எல்லாரும் கூடிக் கேட்டபோது இவன் வெள்ளைக் கோட்டோடு நின்று சொன்னான்: "நான் லிட்டர்னுதான் சொன்னேன். அவ எந்த ஞாபகத்துல இருந்தாளோ." வெள்ளைக் கோட்டு சொன்னால் மறுபேச்சு உண்டா? பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று புருஷன் வீட்டில் அவளை வெளியே தள்ளினார்கள். அவள் தினமும் வேலை விட்டதும் கடைக்கு எதிரில் வந்து நிற்பாள். திட்டமாட்டாள், அழமாட்டாள். கூட்டம் குறைந்ததும் ஒரே ஒரு தடவை கேட்பாள்: "அண்ணே, ஒரு டம்ளரா, ஒரு லிட்டரா?" கேட்டுவிட்டுப் போய்விடுவாள். கடைசியில் தண்ணீரே தொடாமல் காய்ந்து செத்துப் போனாள் என்று சொன்னார்கள். செய்தி கேட்ட அன்றைக்கு அவன் அப்பாடா என்று மூச்சு விட்டு, மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

இப்போது அவன் கூஜாவைக் கொட்டிவிட்டு மறுபடியும் கலக்கினான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே அறைக்குக் கொண்டு போனான். தண்ணீர் குறையவில்லை. ஆனால் ஸ்பூனில் அள்ளியதும், அவன் விரல் பட்ட பக்கமிருந்து வெள்ளையாக ஒரு பூச்சு ஏறியது. கண்ணாடியில் பனி படர்வதுபோல் மெதுவாக, ஓசையில்லாமல் படர்ந்தது. புதுத் துணியின் கஞ்சி வாடையும் தையல் இயந்திரத்தின் எண்ணெய் வாடையும் அறையை நிறைத்தன.

"குடுங்க இப்படி. உங்களுக்கு இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று மனைவி ஸ்பூனைப் பிடுங்கினாள். அவளே புதிதாகக் கலக்கினாள், அவளே ஊட்டினாள். அவள் கையில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. ஒரு வாய், சற்றுப் பொறுத்து இன்னொரு வாய். தங்கியது. சுண்டு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான்.

"இதென்னங்க, இவன் தலையெல்லாம் நூலு?" என்றாள் அவள். சிவப்பு, நீலம், வெள்ளை. ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்க இருந்தது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட, அவள் எழுந்தாள். "நான் கலக்கி வச்ச தண்ணிதான், ஒரு வாய் குடுங்க. தோ வந்துட்டேன்."

அவன் தயங்கினான். சுண்டு உதட்டை நக்கினான். ஒரு வாய்தானே? கொடுத்தான்.

பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்தது. வாந்தி வந்தது. பச்சை நிறம். எத்தனை தாய்மாரிடம் அவனே சொல்லியிருக்கிறான்: பச்சையா வந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, கண்ணு குழி விழுந்தாலோ, ஒண்ணுக்குப் போகலேன்னாலோ, பிள்ளை துவண்டு தூங்கிக்கிட்டே இருந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஓடினார்கள்.

ஆட்டோக்காரர் ஒரே பிடியாகப் பிடித்து ஓட்டினார். "பயப்படாதீங்க தங்கச்சி, என் வண்டில ஏறுன பிள்ளைங்க எல்லாம் திரும்பி வரும்போது ஹாரன அடிச்சு என் காதப் பஞ்சராக்கிடுதுங்க" என்றார். மனைவி அழுகையினூடே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இருக்கையில் அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். அவனுக்கு இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிற சூடு தெரிந்தது. காய்ச்சல்காரியின் வறண்ட சூடு. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். குடலில் அடைப்பில்லை, நல்லவேளையாகச் சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் சுண்டுவின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. மஞ்சள் வெயில் ஜன்னல் வழியே கட்டிலின் காலில் விழுந்தது. மனைவி அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஒண்ணு கேக்கறேன், பிள்ளை தலைமாட்டுல வச்சு உண்மையச் சொல்லுங்க. அந்த நூல் வெட்டற பொண்ணுகிட்ட அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

வார்டில் எல்லாச் சத்தமும் நின்றாற்போல் இருந்தது. டிரிப்ஸ்கூடச் சொட்டாமல் காத்திருந்தது. ஒரு வார்த்தை. நாக்கின் நுனிவரை வந்தது. வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் கதவு, தெருவின் மரியாதை எல்லாம் அந்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்தன.

"லிட்டர்னுதான் சொன்னேன்" என்றான்.

டிரிப்ஸ் மறுபடி சொட்டத் தொடங்கியது.

அவள் சுவரில் தலை சாய்த்தாள், அப்படியே தூங்கிப் போனாள். நர்ஸ் வந்து ஒரு டம்ளரில் ஓ.ஆர்.எஸ். வைத்துவிட்டுப் போனாள். "அம்மா தூங்கட்டும் பாவம். அப்பா சும்மாதான உட்காந்திருக்கீங்க? பிள்ளை முழிச்சா ஒரு ஸ்பூன் குடுங்க, தேஞ்சிட மாட்டீங்க."

அவன் அந்த டம்ளரைப் பார்த்தான். விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. காலியாகத்தான் இருந்தது. கஞ்சி வாடை வந்தது. எண்ணெய் வாடை வந்தது. பிறகு நாற்காலி காலியாக இல்லை. முடியில் நூல். புருவத்தில் நூல். வெடித்த உதடு. மடியில் துணி சுற்றிய சின்ன உருவம். துணிக்குள்ளிருந்து வறண்ட நாக்கு சப்புக்கொட்டும் ஓசை.

"அண்ணே," என்றாள். கோபமே இல்லாத குரல். "ஒரு டம்ளரா, ஒரு லிட்டரா?"

சொல்லிவிட வாயைத் திறந்தான். டம்ளர்தான். டம்ளர்தான் சொன்னேன் தாயே. நாக்கு அசையவில்லை. அண்ணத்தோடு ஒட்டி இறுகியிருந்தது. பல்லிடுக்கில் நறநறப்பு. வாய் நிறைய உப்பு. மனைவியைக் கூப்பிட்டான். காற்றுதான் வந்தது. அவள் சுவரோரம் அசையாமல் தூங்கினாள்.

சுண்டு கண் விழித்தான்.

"அப்பா... தண்ணி."

வேண்டாம் என்று தலையாட்டினான். கை கேட்கவில்லை. அவன் மணிக்கட்டை இன்னொரு கை பற்றியிருந்தது. சருகுபோல் வறண்ட கை. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரல்கள். அவசரமில்லாமல், பிள்ளைக்கு ஊட்டிப் பழகிய பக்குவத்தோடு, அது ஸ்பூனைத் தூக்கியது. ஸ்பூன் நிறைய வெள்ளை. விளிம்பு தாண்டி வெள்ளை.

சுண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

வாயைத் திறந்தான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பானை வற்றாமல் இருக்கட்டும், அதில் உள்ள தண்ணீர் இனிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் வயிற்றில் போனது தங்கி, உடம்பில் ஒட்டி, நிறைந்த ஆயுசோடு இருக்கட்டும். பயந்துபோன ஒரு தாய் உங்கள் வாசலில் நின்று இரண்டாம் தடவை கேட்டால், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லுகிற வாய் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் அமையட்டும்.